மோவாய் மரப்பு: ஒரு நோய்க்குறியும் அதன் சொல்வழக்கும்

தோற்றுவாய்

நோயை ஆராயும் மருத்துவர்க்கு முதற்கண் கிடைக்கும் சான்று நோயாளர் கூறும் சொல்லே ஆகும். குருதி ஆய்வும் ஊடுகதிர்ப் படமும் அதன்பின் வருவன. உடலில் தோன்றும் வீக்கம் கண்ணுக்குப் புலனாகும். காய்ச்சலைக் கருவி அளந்து காட்டும். ஆயின், தோலின்கண் உண்டாகும் உணர்வு மாற்றம், அதனை உற்றவர் எடுத்துச் சொன்னாலன்றிப் பிறர்க்குப் புலனாவதில்லை. ஆதலின், நரம்பைப் பற்றிய நோய்க்குறிகள் மருத்துவத்திற்கு உரியனவாதல் போலவே, ஒருவகையில் சொல்லாராய்ச்சிக்கும் உரியனவாகின்றன.

இக்கட்டுரை அத்தகைய குறி ஒன்றனை எடுத்துக்கொள்கின்றது. மோவாயும் கீழுதடும் ஒருபுறம் மரத்துப் போதலே அது. சிறியதாகத் தோன்றும் இக்குறி, சிலரிடத்து, உடலின் வேறோரிடத்தில் தோன்றிய புற்றுநோய் தாடை எலும்பிற்கோ மண்டையோட்டின் அடிப்பகுதிக்கோ மூளையுறைக்கோ பரவிவிட்டமையைக் காட்டும் முதல் அடையாளமாக அமைகின்றது. இக்குறியின் இயல்பு யாது, அது தோன்றும் வழி யாது, அதனைச் சொல்லத் தமிழ் வழக்கில் உள்ள சொற்கள் யாவை, அவற்றால் எழும் மயக்கங்கள் யாவை என்பன ஈண்டு முறையே விளக்கப்பெறும். மருத்துவச் செய்திகள் மருத்துவ நூலோர் வழிநின்று கூறப்பெறுகின்றன. சொற்களைப் பற்றியனவே இக்கட்டுரையின் தனிக்கருத்துக்கள் என்க.

நரம்பும் புற்றும்

முதலில் இரு பெருஞ்சொற்களின் பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். நரம்பு என்னும் சொல் பண்டை இலக்கியத்தில் யாழின் தந்தியைப் பெரிதும் குறிக்கின்றது. தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பாவிலும் அது இசைநூலைச் சார்ந்த சொல்லாகவே வந்துள்ளது. உடலில் நாண்போல் நீண்டு கிடக்கும் பலவற்றிற்கும் அச்சொல் பெயராக வழங்குகின்றது. இன்றும் பேச்சு வழக்கில் குருதிக்குழாயையும், தசைநாணையும், இலையில் ஓடும் கோட்டையும் நரம்பு என்றே கூறுகின்றனர். குருதிக்குழாயில் ஏற்றும் மருந்தை ‘நரம்பு ஊசி’ என்பதும் இதுபற்றியே. கிரேக்க மொழியின் நியூரோன் என்னும் சொல்லும், இலத்தீன மொழியின் நெர்வசு என்னும் சொல்லும், தசைநாண், வில்நாண் முதலிய பொருள்களைக் கொண்டிருந்து, பின்னரே உணர்வைக் கடத்தும் உறுப்புக்கு உரியவாயின. தமிழும் அதனோடு தொடர்பற்ற அம்மொழிகளும் ஒரே வழியில் பொருள் விரித்துச் சென்றமை நோக்கற்பாலது. இக்கட்டுரையில் நரம்பு என்பது உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் உறுப்பை மட்டுமே குறிக்கும்.

புற்று என்பதோ வேறு வகையானது. மேலைநாட்டார் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். கிரேக்கத்தில் கார்க்கினோசு என்பதும், இலத்தீனத்தில் கான்சர் என்பதும் நண்டையே குறிப்பன. மார்பகக் கட்டியைச் சூழ்ந்து புடைத்த குருதிக்குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றுதலைக் காலன் என்னும் பழைய மருத்துவ ஆசிரியர் எடுத்துக் காட்டினார். தமிழிலோ, கறையான் எழுப்பும் மண்மேட்டின் பெயர் நோய்க்கு ஆயிற்று. நண்டு என்பது கண்ணுக்குப் புலப்படும் வடிவைச் சுட்டுகின்றது. புற்றோ, மேலே தோன்றும் மேட்டை மட்டுமன்றி, நிலத்தின் கீழே காணப்படாமற் செல்லும் வழிகளையும் நினைவூட்டுகின்றது. நோயின் பரவலை விளக்குதற்குப் பின்னதே ஏற்றது எனலாம்.

அப்பரவலை மெட்டாசுடாசிசு என்னும் கிரேக்கச் சொல்லால் மருத்துவர் குறிப்பர். நிலைமாற்றம் என்பது அதன் பொருள். புற்றுநோய் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லுதலைக் குறிக்க அச்சொல்லை 1829இல் ஆண்டவர் ரெக்காமியே என்னும் பிரெஞ்சு மருத்துவர். 1889இல் ஆங்கில மருத்துவர் சுடீபன் பாசெட்டு, மார்பகப் புற்றால் இறந்தோர் 735 பேரின் ஆய்வுக் குறிப்புக்களைத் தொகுத்து நோக்கி, நோயணுக்கள் வித்துப் போல எங்கும் சிதறினும் தமக்கு ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்று கூறினார். எலும்பின் உட்சோறு அத்தகைய நிலங்களுள் ஒன்று. கீழ்த்தாடையின் பின்பகுதியில் அச்சோறு எஞ்சியிருத்தலும், அங்குக் குருதியோட்டம் மிகுதலும், நோய் ஆங்குத் தங்குதற்கு ஏதுவாகின்றன என்பர்.

மோவாய் நரம்பு செல்லும் வழி

மண்டையினின்று புறப்படும் நரம்பு இணைகள் பன்னிரண்டனுள் ஐந்தாவது இணை முகத்தின் உணர்வுக்கு உரியது. அது மூன்று கிளைகளாகப் பிரியும். மூன்றாம் கிளை கீழ்த்தாடையை நோக்கி வரும். அதன் பிரிவுகளுள் ஒன்று தாடை எலும்பினுள் அமைந்த நீண்ட குழலிற் புகுந்து, கீழ்ப்பற்களுக்கு உணர்வளித்துச் சென்று, முன்கடைவாய்ப் பற்களின் கீழே உள்ள ஒரு சிறு துளை வழியாக வெளிப்படும். வெளிப்பட்ட அந்நரம்பே மோவாய், கீழுதடு, அதனை அடுத்த ஈறு ஆகியவற்றின் உணர்வைத் தாங்குகின்றது. அஃது உணர்வுக்கே உரியது, தசையை இயக்குவதன்று.

ஆகவே அந்நரம்பு கெடின் வாய் கோணுவதில்லை, சொல் குழறுவதில்லை, கண்ணாடியிற் பார்ப்பார்க்கு முகம் முன்போலவே தோன்றும். உதடு வீங்கியதுபோல உணர்வார். தொட்டுப் பார்த்தால் வீக்கம் இராது. உண்ணும்போது உதட்டைக் கடித்துக்கொள்வதும், வாயோரம் உணவு ஒட்டியிருத்தலை அறியாமையும் உண்டு. பல் மருத்துவர் கீழ்ப்பல்லைக் களையுமுன் ஊசியிட்டு மரக்கச் செய்வது இந்நரம்பையேயாம். அவ்வூசியின் மரப்பு எத்தகையது என அறிந்தோர் இக்குறியை எளிதில் உணர்ந்துகொள்ளலாம். வேறுபாடு ஒன்றே: ஊசியால் வந்தது சில நாழிகைகளில் நீங்கும், நோயால் வந்தது காரணமின்றி வந்து நிற்கும்.

முகத்தின் உணர்வு ஐந்தாம் நரம்பிற்கும், முகத்தசைகளின் இயக்கம் ஏழாம் நரம்பிற்கும் உரியன என்று பிரித்தறிதற்கு வழிகோலியவர்களுள் சார்லசு பெல் (1774–1842) என்னும் சுகாத்துலாந்து அறுவை மருத்துவர் தலையாயவர். முகவாதத்திற்கு அவர் பெயர் இன்றும் வழங்குகின்றது. மார்பகப் புற்றுற்ற ஒரு மூதாட்டியிடம் மோவாயும் உதடும் உணர்விழந்தமையை 1830இல் முதன்முதலாகக் குறித்தவரும் அவரே என்பர். உணர்வும் இயக்கமும் வெவ்வேறு நரம்பின் தொழில் என்று கண்டவர்க்கே, இயக்கம் குன்றாது உணர்வு மட்டும் குன்றிய முகத்தின் பொருள் விளங்கிற்று. 1963இல் கால்வர்லி, மோனாக்கு என்னும் இருவர் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையால் ‘மரத்த மோவாய்’ என்னும் பெயர் இக்குறிக்கு நிலைபெற்றது.

குறி தோன்றும் வாயில்கள்

புற்றுநோயால் மோவாய் மரத்தற்கு மூன்று வாயில்கள் கூறப்படுகின்றன. தாடை எலும்பில் நோய் தங்கிக் குழலினுள் செல்லும் நரம்பை நெருக்குதல் ஒன்று. இதுவே மிகுதியும் காணப்படுவது. மண்டையோட்டின் அடியில் நோய் தங்கி, நரம்பு வெளிப்படும் வாயிலை அடைத்தல் இரண்டாவது. மூளையைப் போர்த்த மெல்லுறைகளிற் பரவி, நரம்பின் தோற்றுவாயையே பற்றுதல் மூன்றாவது. பெரியோரிடத்து மார்பகப் புற்றும், நுரையீரல், முன்னிற்குஞ்சுரப்பி ஆகியவற்றின் புற்றும், நிணநீர்ப் புற்றும், வெண்குருதிப் புற்றும் இதற்கு முதலாவனவாகக் கூறப்பெறும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது. முதற்குறி வேறு, முதல்நிலை வேறு. மோவாய் மரப்பு நோயாளர் அறியும் முதற்குறியாக இருக்கலாம். ஆயின், நோயைப் பொறுத்தவரை அது முதல்நிலை அன்று. நோய் முன்னரே புறப்பட்டு, தொலைவிடம் சேர்ந்து, ஆங்கு வேரூன்றிய பின்னரே இக்குறி தோன்றுகின்றது. இதுகாறும் தொகுக்கப்பட்ட நோயாளர் வரலாறுகளில், இக்குறிக்குப்பின் எஞ்சிய வாழ்நாள் பெரும்பாலும் மாதக் கணக்கினதாகவே காணப்படுகின்றது. இதனை மறைத்துக் கூறுதல் முறையன்று. எனினும், குறியை உடனே அறிந்தவிடத்து, நோயின் வகைக்கேற்ப மருந்தாலும் கதிர்வீச்சாலும் அதனை அடக்குதற்கும், துன்பத்தைக் குறைத்தற்கும், தக்க முடிவுகளை நோயாளர் தாமே எடுத்தற்கும் காலம் கிடைக்கும். சிலரிடம் மரப்புத் தானே தணிதலும் உண்டு. அதுகொண்டு நோய் நீங்கிற்று எனக் கொள்ளுதல் பிழையாம்.

மரத்தல் என்னும் சொல்

இனிச் சொல்லைப் பற்றி ஆராய்வோம். மரத்தல் என்பதற்கு மரம்போலாதல், உணர்விழத்தல் என்று பொருள் கொள்வர். இங்கே சுவையானதொரு முரண்பாடு உளது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்குமிடத்து, உற்றறியும் அறிவை முதலறிவாக வைத்து, அவ்வோரறிவினை மரத்திற்கு உரித்தாக்குகின்றது. மற்றைப் புலன்கள் ஒன்றும் இல்லாத மரத்திற்கும் தொடுவுணர்வு உண்டு என்பது நூல்வழக்கு. மக்கள் வழக்கோ அத்தொடுவுணர்வை இழத்தலையே மரத்தல் என்கின்றது. எனினும் இரண்டும் ஒன்றனை ஒப்புக்கொள்கின்றன: உயிரின் அடிநிலை அறிவு ஊறு. அதனை இழத்தல் சிறியதொன்று அன்று.

மரத்தலோடு உறவுடைய சொற்கள் தமிழில் பல. மதமதப்பு என்பது முழுதும் மரவாத, மந்தமான உணர்வு. திமிர் என்பதற்கு இக்காலத்துச் செருக்கு என்னும் பொருளே முற்பட்டு நிற்பினும், உடல் மரத்துக் கிடத்தல் என்னும் பொருளும் அகராதிகளில் உண்டு. விறைத்தல் குளிரால் உணர்வு குன்றுதலைக் குறிக்கும். ஈழத்து வழக்கில் அது மரத்தற்கும் பெயராக வழங்குகின்றது. எறும்பு ஊர்வது போன்றது என்று மக்கள் கூறும் உணர்வை மேலை மருத்துவர் எறும்பின் இலத்தீனப் பெயராகிய பார்மிக்கா என்பதினின்று ஆக்கிய சொல்லாலேயே குறிப்பது ஒப்புநோக்கத் தக்கது.

வலியின்பாற்பட்ட சொற்களோ இவற்றினும் பலவாம். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிவு என்பன ஒன்றற்கொன்று வேறானவை. விண்விண் எனத் தெறித்தல் குருதித் துடிப்போடு ஒத்து வருவது. சுரீர் என்பது நரம்பின் வழியே கணத்தில் ஓடி மறைவது. 1975இல் ரொனால்டு மெல்சாக்கு என்பார் ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி, மருத்துவர் வினவுதற்குரிய வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். சொல்லின் வகையால் நோயின் வகையை அணுகலாம் என்பதே அதன் அடிப்படை. நம் மொழியின் ஒலிக்குறிப்புச் சொற்கள் அத்தகைய பகுப்பிற்கு மிகவும் இடந்தருவன.

ஆயினும் ஒரு குறையை நோக்குதல் வேண்டும். வலி ‘உளது’ என்னும் உணர்வு. மரப்பு ‘இலது’ என்னும் உணர்வு. உளதைச் சொல்லுதல் எளிது. இலதைச் சொல்லுதல் அரிது. வலித்தால் மருத்துவரிடம் செல்லும் வழக்கமுடைய நாம், வலி இல்லாமையை நலம் என்றே கொள்கின்றோம். ‘வலிக்கிறதா?’ என்று வினவப்பெற்றவர் ‘இல்லை’ என்பார். அவர் கூறியது மெய்யே. ஆயின் அந்த ஒரு விடையோடு உரையாடல் முடிந்துவிடின், சொல்லப்பட வேண்டிய செய்தி சொல்லப்படாமலே நின்றுவிடும். ‘மரத்திருக்கிறதா? இருபுறமும் ஒன்றுபோல் உணர்கிறீர்களா?’ என்று வினவினாலன்றி அது வெளிப்படாது.

இடப்பெயரால் எழும் மயக்கம்

உணர்வின் பெயரேயன்றி, உணர்வு தோன்றும் இடத்தின் பெயரும் மயக்கத்திற்கு இடனாகின்றது. நூல்வழக்கில் மோவாய் எனப்படுவது, பேச்சில் மோவாய்க்கட்டை எனவும், முகவாய்க்கட்டை எனவும், தாவாங்கட்டை எனவும் வழங்கும். தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் அதனை நாடி என்பர். நாடியைப் பிடித்துக் கெஞ்சுதல் என்பது அவ்வழக்கின்பாற்பட்டது. மற்றை இடங்களில் நாடி என்பது கைநாடித் துடிப்பையே குறிக்கும். தென்பாண்டி மூதாட்டி ஒருவர் ‘நாடி மரத்துக் கிடக்கிறது’ என்று கூறின், பிறநாட்டு வழக்கே அறிந்த இளைய மருத்துவர் அவர் கையைப் பற்றித் துடிப்பை எண்ணத் தொடங்குதலும் கூடும்.

கலைச்சொல்லாக்கத்திலும் இத்தகைய இடர் உண்டு. மோவாய் நரம்பினை மேலைநாட்டார் மென்டல் நரம்பு என்பர். இஃது இலத்தீனத்தில் மோவாயைக் குறிக்கும் மென்டும் என்னும் சொல்லடியாகப் பிறந்தது. மனத்தைக் குறிக்கும் மென்சு என்னும் வேறு சொல்லடியாகவும் மென்டல் என்னும் அதே வடிவம் ஆங்கிலத்தில் வழங்குகின்றது. இரண்டும் வடிவால் ஒன்றாயினும் பொருளாலும் பிறப்பாலும் வேறு. வேரை நோக்காது மொழிபெயர்ப்பவர் ‘மனநரம்பு’ என்று எழுதிவிடின், நோயாளர் தம் மோவாயின் குறையை மனக்குறை என்று எண்ணி நாணவும், அதனை மறைக்கவும் நேரும். மோவாய் நரம்பு என்பதே இதற்குத் தகும் சொல்லாகும்.

பிற நரம்புக் குறிகள்

மோவாய் மரப்பைப் போலவே வேறு சில நரம்புக் குறிகளும் புற்றுநோயின் முன்னறிவிப்பாக வருதல் உண்டு. முதுகெலும்பிற் பரவிய நோய் தண்டுவடத்தை நெருக்கும்போது, பெரும்பாலும் முதுகுவலி முன்னே வரும். அதன்பின் கால்கள் தளர்தலும், அமருமிடம் மரத்தலும், சிறுநீர் மலங்களின் கட்டுப்பாடு குன்றுதலும் தோன்றும். இது நாட்கணக்கில் அன்றி நாழிகைக் கணக்கில் கருதத் தக்க இடுக்கண் ஆகும். காலந்தாழ்த்தின் இழந்த நடையை மீட்டல் அரிது. நுரையீரலின் உச்சியில் தோன்றும் கட்டி, தோளிலும் கையின் உட்புறத்திலும் வலியை உண்டாக்கி, அப்பக்கத்து இமையைத் தாழ்த்தி, கண்மணியைச் சுருக்கும். என்றி பான்கோசுடு என்பவர் 1924இலும் 1932இலும் இதனை விளக்கினார்.

பரவாமலே நரம்பைத் தாக்கும் வகையும் உண்டு. புற்றை எதிர்க்க உடல் ஆக்கும் காப்புப் பொருள்களே நரம்பையும் பகையெனக் கருதித் தாக்குதல் இதன் இயல்பு. 1948இல் தெனி-பிரவுன் என்பார் நுரையீரற் புற்றுற்றாரிடம் உணர்வு நரம்பணுக்கள் அழிந்தமையை எடுத்துக் காட்டினார். இவ்வகையில் நரம்புக்குறி, கட்டி வெளிப்படுதற்குப் பல திங்கள் முன்னரே வருதலும் உண்டு.

ஐயம் அகற்றல்

இதுகாறும் கூறியதுகொண்டு மரப்பெல்லாம் புற்றே என அஞ்சுதல் வேண்டா. கடைவாய்ப் பல்லைக் களைதல், தாடை முறிவு, பல்வேரின் சீழ், எலும்பு தேய்ந்த தாடையில் பொய்ப்பற்கட்டு அழுத்துதல் ஆகியனவும் மோவாயை மரக்கச் செய்யும். கைகால் மரத்தற்கு நீரிழிவும் உயிர்ச்சத்துக் குறைவும் பெரும்பான்மையான காரணங்கள். உறங்கும்போது கை அழுந்தி மரத்தல் நோயே அன்று. கருதத் தக்கது எது எனின், பல் மருத்துவமோ அடிபடுதலோ இன்றி, ஒருபுற மோவாயும் கீழுதடும் புதிதாக மரத்து, அந்நிலை நீடித்தல். முன்னர்ப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றவராயின், பல ஆண்டுகள் கழிந்திருப்பினும், அச்செய்தியையும் சேர்த்து மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். எளிய ஊடுகதிர்ப் படத்தில் தாடை குறையின்றித் தோன்றுதலும் உண்டாதலின், ஐயம் நீங்காவிடத்து அடுக்குப் படமும் காந்தப் படமும், வேண்டின் தண்டுவட நீராய்வும் செய்யப்பெறும்.

முடிபு

வலியற்ற குறியைத் தமிழ் மக்கள் அறிந்துகொள்ள இயலுமோ என ஐயுறுவார்க்கு நம் நாட்டு வரலாறே விடை கூறுகின்றது. தொழுநோய் ஒழிப்புப் பணியில் ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்னும் தொடர் சுவர்தோறும் எழுதப்பெற்றுப் பள்ளிச் சிறாரும் அறிந்த தொடராயிற்று. அத்தொடரில் வலி இல்லை. இல்லாமையே அதன் பொருள். அவ்வில்லாமை நோயின் குறி என்பதனை எளிய இரு சொற்கள் கற்பித்தன. ஏற்ற சொல் அமையின் இலதும் சொல்லத் தக்கதாகும் என்பது இதனாற் போதரும்.

ஆதலின் தமிழாய்வாளர் செய்யத் தக்க பணிகள் மூன்று. மாவட்டந்தோறும் வழங்கும் உணர்வுச் சொற்களையும் உறுப்புப் பெயர்களையும், அவை குறிக்கும் பொருள் வேறுபாட்டுடன் தொகுத்தல் ஒன்று. வேர் அறிந்து கலைச்சொற்களை ஆக்குதல் ஒன்று. மருத்துவர் வினவும் வினாக்களை, வலியை மட்டுமன்றி மரப்பையும் வெளிக்கொணரும் வகையில் தமிழில் அமைத்துக் கொடுத்தல் ஒன்று. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு மாவட்டத்தின் வழக்கை மட்டும் எடுத்துக்கொள்ளினும், அஃது ஓர் ஆய்வேட்டிற்குப் போதிய பொருளாகும். நோயையும் அதன் முதலையும் நாடியறிக என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் கூறும் நெறி. அந்நாட்டம் நோயாளரின் சொல்லிலிருந்தே தொடங்குகின்றது. அச்சொல்லைப் பிழையின்றிக் கேட்பதற்கு உதவுதல் மொழி கற்றார் கடனாகும்.